சாமியப்பன் விழுங்கிய வார்த்தை

சாமியப்பன் அந்தத் தாளை மூன்றாவது முறையாகப் படித்தார். மூன்றாவது முறையாக இருமினார்.

"சளிங்களாப்பா?" என்றாள் மைதிலி.

"இல்ல கண்ணு. தொண்டை."

தொண்டையில் ஒன்றும் இல்லை. தாளில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு. பெற்றோர் படித்து, பிள்ளைக்கு விளக்கிச் சொல்லி, சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இதில் எதிலும் சாமியப்பனுக்கு ஆட்சேபம் கிடையாது. ஊசியின் பெயரில்தான் வில்லங்கம். 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி' என்று கொட்டை எழுத்தில் நட்ட நடுவில் அச்சடித்து, போதாததற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள்.

சாமியப்பன் பேசப் பயப்படுகிற ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர். தினமும் காலை எட்டரைக்குச் செக்கிங் பிரிவை வரிசையாக நிற்க வைத்து, "தரம் என்பது என்ன?" என்று ஆரம்பிப்பார். எண்பத்தைந்து பேரும் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவரே. விசிட்டிங் கார்டில் இது மேலேயும் வேலை கீழேயும் இருக்கும். ஆண்டு விழாவில் அவர் கையிலிருந்து மைக்கைத் திரும்ப வாங்குவது பி.டி. மாஸ்டரின் பொறுப்பு.

அப்படிப்பட்டவருக்குக் கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே உள்ள எதற்கும் பெயர் சொல்ல வராது. அந்தப் பிரதேசம் முழுவதற்கும் அவர் வீட்டில் 'வயிறு' என்று ஒரே பெயர். கல்யாணமாகிப் பதினாறு வருடமாக அவர் மனைவி சத்யப்பிரியா தனக்கு எது வந்தாலும் 'வயித்து வலி' என்றுதான் சொல்லிவந்தாள். எது வந்தாலும் அவர் ஓம வாட்டர் வாங்கிவந்தார்.

"படிச்சுக் காட்டுங்கப்பா. விளக்கிச் சொல்லோணும்னு டீச்சர் சொன்னாங்க."

சாமியப்பன் சமையலறைப் பக்கம் பார்த்தார். "சத்யா, இதக் கொஞ்சம் நீ பாரு..."

"நானுங்களா?" தோசைக்கல்லை விட்டு அவள் திரும்பவில்லை. "ஊட்டுல பேசற ஆளு நீங்கதானுங்க."

பேசுகிற ஆள் தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். "அதாகப்பட்டது... ஹுக்கும்... ஹக்... வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி."

மைதிலி எட்டிப் பார்த்தாள். "ப்பா, ஒரு வார்த்தைய உட்டுட்டீங்க."

"எது?"

"மொத வார்த்தை."

"அது தேவையில்லாத வார்த்தை கண்ணு."

"தேவையில்லாதத எதுக்கு அச்சடிக்கறாங்க?"

சாமியப்பன் ஒரு கணம் யோசித்தார். "அச்சுப் பிழை."

மைதிலி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பதினாலு வயதுப் பெண்ணின் அந்தப் பார்வையில் எந்தக் கம்பெனிச் சரக்கும் பாஸ் ஆகாது. "அப்ப வாய்ப் புற்று ஊசிதான் இது. நான் என்ன பாக்கா போடறேன்? எனக்கு வேண்டாங்ப்பா" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சமையலறையில் தோசை கருகுகிற வாசம் வந்தது. அந்த வீட்டில் தோசை கருகுவது அபூர்வம்.

மறுநாள் காலை டீ நேரத்தில் சாமியப்பன் வீரணனைத் தேடிப் போனார். வீரணன் கட்டிங் மாஸ்டர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் மகள் நதியாவும் மைதிலியும் ஒரே பெஞ்சு.

"வீரணன், உங்க புள்ளைக்கு அந்த ஊசி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாச்சுங்களா?"

"எந்த ஊசி சார்? அவ ஆத்தாகிட்ட குடுத்திருப்பா. நமக்கு என்ன தெரியும்?"

"அதானுங்க... அந்த... வாய்ப் புற்று ஊசி."

வீரணனின் கீழுதட்டுக்குள் எந்நேரமும் ஒரு சிட்டிகைப் புகையிலை குடியிருக்கும். அதை நாக்கால் கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் கண்ணை விரித்தார். "வாய்ப் புத்துக்கு ஊசியே வந்துருச்சா? ஆத்தாடி! எம் பொண்டாட்டி பத்து வருசமா 'விடு விடு'ன்னு உசுர எடுக்கா. ஒரு ஊசியப் போட்டுட்டா காலத்துக்கும் நிம்மதியா மெல்லலாமே சார்!"

"அப்படி இல்லீங்க வீரணன்..."

வீரணன் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல செய்தியைத் தனியாக வைத்துக்கொள்கிற மனிதர் இல்லை அவர்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தபோது சாமியப்பனின் கண்ணாடி அறைக்கு வெளியே இருபத்து மூன்று ஆண்கள் வரிசையில் நின்றார்கள். கம்பெனியில் இவ்வளவு நேரான வரிசையை அவர் இதுவரை பார்த்ததில்லை. முதலில் நின்ற பீகார்க்காரப் பையன் சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினான். "சார், மூஹ் வாலா இஞ்செக்‌ஷன்? இதர் லகாவோ." வாய் ஊசியை இங்கே போடுங்கள் என்கிறான்.

சாமியப்பன் எல்லாரையும் விரட்டிவிட்டு, கம்பெனி வாட்ஸ்ஆப் குழுவில் சுருக்கமாக ஓர் அறிவிப்புப் போட்டார்: 'மேற்படி ஊசி ஆண்களுக்கு அல்ல. பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே. இப்படிக்கு, தரக் கட்டுப்பாடு.'

அரைமணி நேரத்தில் செக்கிங் பிரிவிலிருந்து காளியாத்தாள் வந்தாள். பின்னால் அந்தப் பிரிவே வந்தது.

"ஏனுங் சார், பாக்கு போட்டுச் செவுத்துல துப்பறது ஆம்பளைங்க. ஊசி மட்டும் எங்கூட்டுப் புள்ளைங்களுக்குங்களா? இதென்னங் நாயம்?"

"அந்த வாய் இல்லீங்கம்மா."

"பின்ன எந்த வாய்ங்க?"

எண்பத்தைந்து பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். காலைக் கூட்டத்தில் ஒருநாளும் கிடைக்காத கவனம் அது. சாமியப்பன் அதை விரும்பவில்லை.

"அது... வேற வாய்."

"மனுசனுக்கு எத்தன வாய்ங் சார்?"

"உள்ள ஒரு வாய் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, உடைந்த ஊசிப் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டிய அவசரம் திடீரென்று வந்தவராக அவர் நடந்துவிட்டார்.

அந்தப் பதிவேடு அவருடைய பெருமை. தையல் மிஷினில் ஒரு ஊசி உடைந்தால், அதன் ஒவ்வொரு துண்டையும் தேடியெடுத்து அந்த நோட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த மிஷினை ஓடவிட மாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஒரு பெயரின் முன்பாதியைத் தொலைத்துவிட்டு, மீதியை ஊர் முழுக்க ஓடவிட்டிருந்தார்.

'வேற வாய்' அன்று சாயங்காலமே கம்பெனி வேனில் ஏறி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை விடிந்தபோது அதற்கு அர்த்தமும் கிடைத்திருந்தது. வாயாடுகிற பெண்பிள்ளைகளுக்கு வாயைக் கட்டுகிற ஊசியாம். போட்டால் எதிர்த்துப் பேச மாட்டார்களாம். தகப்பன்மார் சிலருக்கு ஊசியின் மேல் சட்டென்று ஒரு மரியாதை பிறந்தது. இரண்டு பேர் தங்கள் மனைவிக்கும் கிடைக்குமா என்று வீரணனிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

பள்ளியில் கதை வேறு மாதிரி போனது. வகுப்பிலேயே அதிகம் பேசுகிற நதியா, "செத்தாலும் போட மாட்டேன்" என்று பெஞ்சு மேல் ஏறி அறிவித்தாள். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர் ஃபாரம் கொண்டுவந்திருந்தார்கள். மதியத்துக்குள் ஆறு பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை போன் செய்தார். "தலைவரே, ஊருக்குள்ள என்னங்க சொல்லி வச்சீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்களே."

"அதுதானுங்க பிரச்சினைன்னு நினைக்கறேன். நாளைக்கு மூணு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வச்சிருக்கேன். நர்ஸம்மா ஜானகியம்மாள் வர்றாங்க. நீங்க எந்திரிச்சு, அது என்ன ஊசின்னு முழுப் பேரையும் சொல்லித் தெளிவாப் பேசீருங்க. நாளன்னிக்கு முகாம். புள்ளைங்க கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டியும் வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் மைதிலி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சாமியப்பன் எதிரே உட்கார்ந்தார்.

"ஊசி போட்டுக்கோணும் சாமி."

"கிளாஸ்ல ஆரும் போடலீங்ப்பா."

"அது அத்தனையும் புரளி."

"அப்ப நெசத்தச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. மைதிலி குனிந்து எழுதத் தொடங்கினாள்.

முந்தின இரவு மைதிலி தூங்கிய பிறகு, அவள் பையிலிருந்து தாளை எடுத்து, பின்பக்கத்தை அவர் தனியாக உட்கார்ந்து முழுதாகப் படித்திருந்தார். அந்த நோய் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும் என்றும், பலருக்கு முற்றின பிறகுதான் தெரியவரும் என்றும், இந்த வயதில் போட்டால் பெரும்பாலும் வராமலே தடுத்துவிடலாம் என்றும் அதில் இருந்தது. துணியிலுள்ள ஓட்டையைத் துணி வெட்டுவதற்கு முன் கண்டுபிடிப்பதற்கும், தைத்துப் பெட்டியில் அடைத்த பிறகு கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மைதிலியின் இடது கையைப் பார்த்தார். ஜாமெட்ரி பாக்ஸ் முள்ளால் கீறின கோடு ஒன்று இருந்தது. அதற்கே அவருக்கு மனசு தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை இவளுக்கு அந்த ஊசி போட்டாக வேண்டும். நடுவில் நிற்பது ஐந்தெழுத்தா ஆறெழுத்தா என்று எண்ணிப் பார்க்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பழகிப் பார்த்தார். "கர்ப்ப... கர்ப்ப... கர்ப்ப..." சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சந்தோசமுங்க. எத்தனையாவது மாசமுங்க?"

சிக்னல் விழும் முன்பே சாமியப்பன் கிளம்பிவிட்டார்.

கூட்டத்துக்கு இடம் போதவில்லை. வாயைக் கட்டுகிற ஊசியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊரே வந்திருந்தது. பிள்ளைகள் முன்னால் தரையில், பெற்றோர் பின்னால் நாற்காலியில். வீரணன் கன்னத்தில் புகையிலையோடு நடுவில் இருந்தார். கடைசி வரிசையில் ஜன்னலோரம் சத்யப்பிரியா. ஓரத்தில் ஒரு மேசை போட்டு நர்ஸ் ஜானகியம்மாள் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்தார்.

சாமியப்பன் மைக்கைப் பிடித்தார். "தரம் என்பது என்ன?"

பன்னிரண்டு நிமிடம் போனது. ஏற்றுமதி, சுகாதாரம், இந்தியாவின் எதிர்காலம் எல்லாம் வந்தன. ஊசி மட்டும் வரவில்லை. தலைமையாசிரியை ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'விஷயத்துக்கு வரவும்.'

"ஆகவே, பெரியோர்களே, இந்த ஊசியானது கர்ப்ப... கர்ப்ப..." சாமியப்பன் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தார். "கர்ப்பக்கிரக வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி!"

முன்வரிசையில் ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மைதிலி மட்டும் சிரிக்காமல் பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை அவசரமாகப் பெட்டியைத் தூக்கி வந்தார். "புள்ளைங்க நேத்து எழுதிப் போட்ட கேள்விகளத் தலைவர் படிப்பாரு. நர்ஸம்மா பதில் சொல்லுவாங்க."

படிப்பதென்றால் சுலபம். சாமியப்பன் ஒரு சீட்டை எடுத்தார். "'இந்த ஊசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?'"

ஜானகியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "இல்லீங் கண்ணு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. கொழந்தை வளர்ற எடத்துக்கு நோவு வரக் கூடாதுன்னுதான் இந்த ஊசியே."

"'இது பெரியவர்களுக்கு வரும் நோய்தானே? எங்களுக்கு எதற்கு இப்போதே?'"

"சாயம் ஏத்தறதுக்கு முன்னாடிதானுங்க துணிய வெளுப்பாங்க? சாயம் ஏறுனதுக்கப்புறம் வெளுத்து என்ன பண்ண? கிருமி வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் நல்லா வேலை செய்யும்."

"'இது கெட்ட பெண்களுக்குப் போடுகிற ஊசி என்கிறார்கள்.'"

ஜானகியம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கிருமிக்கு நல்லவங்க கெட்டவங்கன்னு ஆளு பாக்கத் தெரியாது சாமி. முக்காவாசிப் பேர எப்பவாச்சும் ஒருக்காத் தொட்டுட்டுத்தான் போகும். சிலபேருகிட்ட மட்டும் போகாமத் தங்கிரும். அது ஆருகிட்டத் தங்கும்னு சொல்ல முடியாது. அதனால எல்லாருக்கும் போடறோம்."

"'ஊசி போட்டால் வாய் பேச முடியாதா?'"

ஜானகியம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சாமியப்பனைப் பார்த்தார். "கை ஒருநாள் ரெண்டுநாள் வலிக்கும். வாய்க்கு ஒண்ணும் ஆவாது. அப்படியொரு ஊசி இருந்தா மொத ஊசி உங்க தலைவருக்குத்தான் போட்டிருப்பேன்."

சிரிப்பு ஓயும் வரை காத்திருந்து சாமியப்பன் அடுத்த சீட்டைப் பிரித்தார். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'ழ'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுகிற கை ஒன்றுதான் உண்டு. முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு, படிக்காமல் மடித்துவிடலாமா என்று பார்த்தார். நூறு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"'எங்கள் அப்பா அந்த ஒரு வார்த்தையை மட்டும் இருமிவிட்டுப் படிக்கிறார்.'" அவர் குரல் இறங்கியது. "'அது கெட்ட வார்த்தையா? அப்படியென்றால் அது எனக்குள் ஏன் இருக்கிறது?'"

ஜானகியம்மாள் சாமியப்பன் பக்கமே கையைக் காட்டினார். அது தனக்கு வந்த கேள்வி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாமியப்பன் மைக்கை இறக்கினார். "கர்ப்பப்பை" என்றார்.

"கேக்கல சார்!" என்று கத்தினார் வீரணன்.

சாமியப்பன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "கர்ப்பப்பை." மைக் ஒரு முறை ஊளையிட்டு அடங்கியது. அவர் மைதிலியை மட்டும் பார்த்தார். "கெட்ட வார்த்தை இல்லீங் கண்ணு. நீ பத்து மாசம் குடியிருந்த ஊடு அது. நானும் அப்படியொரு ஊட்டுல இருந்து வந்தவன்தான். இங்க உக்காந்திருக்கற அத்தன பேரும் அப்படித்தான். கர்ப்பப்பையோட வாசலத்தான் வாய்னு எழுதியிருக்கறாங்க. அந்த வாசல்ல நோவு வராம இருக்கத்தான் இந்த ஊசி. தாள்ல அச்சுப் பிழை ஒண்ணும் இல்ல. பிழை உங்கப்பன்கிட்டத்தான்."

அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். பி.டி. மாஸ்டர் மைக்கை வாங்க எழுந்தவர், வாங்காமல் நின்றார்.

மைதிலி ஃபாரத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். அவர் குனிந்து முழங்கால் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிப் போயிற்று.

"வலிக்குமாப்பா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"நில்லுங்க. ஆனா இனிமேட்டு மைக்குல மட்டும் சொல்லாதீங்க, போதும்" என்று காதோரம் சொல்லிவிட்டு அவள் இறங்கி ஓடினாள்.

கூட்டம் கலைந்தது. வீரணன் நர்ஸிடம் போய், "அப்ப எனக்கு ஊசியே கிடையாதாக்கா?" என்று கேட்டு, "அந்தப் புகையிலைப் பொட்டலத்தத் தூக்கிச் சாக்கடைல போடுங்க, அதுதான் உங்களுக்கு ஊசி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். கடைசி வரிசையில் சத்யப்பிரியாவின் நாற்காலி காலியாக இருந்தது. பால்காரர் வரும் நேரம், முன்னாலேயே கிளம்பியிருப்பாள் என்று சாமியப்பன் நினைத்துக்கொண்டார்.

கூட்டம் போன பிறகு அவருக்குப் பழைய உயரம் மெல்லத் திரும்பி வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜானகியம்மாளின் மேசைக்கு நடந்தார். மேசை மேல் ஃபாரங்கள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"பாத்தீங்களா நர்ஸம்மா? பேச்சுன்னா அப்படி. நேத்து மூணு ஃபாரம். இன்னிக்குப் பாருங்க."

"இதுங்களா?" ஜானகியம்மாள் அடுக்கை ரப்பர் பேண்டில் கட்டினார். "நாப்பத்தொண்ணும் மத்தியானமே வந்துருச்சுங்க. காத்தால உங்க பொண்ணும் அந்த நதியாவும் ஆஸ்பத்திரிக்கே வந்து, என்னைய ஒரு மணி நேரம் கேள்வி கேட்டே தீத்துட்டாங்க. அப்புறம் கிளாஸ்ல போயி அவங்களே எல்லாத்துக்கும் சொல்லீட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல அத்தன புள்ளைங்களும் ஊட்டுக்கு ஓடிக் கையெழுத்து வாங்கீட்டு வந்துட்டாங்க. பாக்கி இருந்தது உங்க கையெழுத்து ஒண்ணுதானுங்க."

சாமியப்பனின் கைகள் பின்னாலிருந்து முன்னால் வந்தன. "அப்ப... எம் பேச்சக் கேட்டு ஒருத்தர் மனசுமா மாறலீங்க?"

ஜானகியம்மாள் பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டே எழுந்தார். "ஒருத்தர் மாறுனாங்க. முப்பது வயசு தாண்டுனவங்களுக்குப் பண்ற கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு நாலு மாசமா நான் கூப்புட்டும், 'எங்கூட்டுல அந்தப் பேச்சே எடுக்க முடியாதுங்க'ன்னு தட்டிக் கழிச்சுட்டே இருந்தவங்க, இன்னிக்கு மைக்குல நீங்க அந்த வார்த்தையச் சொன்னதும் எந்திரிச்சு வந்து பேர் குடுத்துட்டுப் போயிட்டாங்க. சனிக்கிழமை காத்தால பத்து மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு உங்க சம்சாரத்தக் கூட்டீட்டு வந்துருங்க சார்."